40 லிட்டரா, 150 லிட்டரா? பிக்அப்புக்குக் கூடுதல் டீசல் டேங்க் போடுவதற்கு முன்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டர்வொர்த் வீட்டுக்கு வந்த மைத்துனர், சட்டைப்பையிலிருந்து ஒரு விலைச்சீட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். புக்கிட் மெர்தாஜாம் பக்கம் ஒரு வெல்டிங் பட்டறையில் எழுதி வாங்கியது. அவருடைய டொயோட்டா ஹைலக்ஸ் பிக்அப்பின் பின்பகுதியில் பொருத்த 150 லிட்டர் இரும்பு டேங்க், குழாய், வால்வு, கூலி எல்லாம் சேர்த்து ஒரே தொகை போட்டிருந்தார்கள். "மாமா, முன்பணம் கட்டிவிடவா?" என்று கேட்டார். எந்தத் தகடு, குழாய் எங்கே போய்ச் சேரும், காற்றுப்போக்கி எந்தப் பக்கம் என்று நான் திருப்பிக் கேட்டேன். சீட்டில் அதெல்லாம் இல்லை. "இரண்டு வாரம் பொறுங்கள் தம்பி" என்றேன். அந்த இரண்டு வாரத்தில் நாங்கள் ஒவ்வொரு வழியாக எடுத்துப் பார்த்து, கழித்து, கடைசியில் ஒன்றில் வந்து நின்றோம். பினாங்கிலும் கோலாலம்பூரிலும் டீசல் பிக்அப் வைத்துத் தொழில் செய்கிற நம்மவர்கள் பலருக்கு இந்த யோசனை இருப்பதால் அதை விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் என் வண்டியையே எடுத்துக்கொள்கிறேன். நான் ஓட்டுவது இசுசு டி-மேக்ஸ் 1.9. டேங்க் 76 லிட்டர் பிடிக்கும். பம்பு உதிரிப் பாகங்களை ஏற்றிக்கொண்டு வாரத்துக்கு இரண்டு முறை கோலாலம்பூர் போய்வருகிறேன். போக ஏறக்குறைய 350 கிலோமீட்டர், வர 350. நிதானமாக ஓட்டினால் லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கிடைக்கிறது. ஆக ஒரு நடைக்கு 58, 59 லிட்டர். வீட்டு வாசலில் நிரப்பிக்கொண்டு போனால் திரும்பி வந்து வாசலில் நிறுத்தும்வரை தாங்கும். தாங்காவிட்டாலும் குனோங் செமாங்கோல், சுங்கை பேராக், தாப்பா ஓய்வுத் தலங்களில் எண்ணெய் நிலையம் இருக்கிறது. எனக்குக் கூடுதல் டேங்க் தேவையே இல்லை. நெடுஞ்சாலையை விட்டு இறங்காத எந்தப் பிக்அப்புக்கும் தேவையில்லை. டீசல் லிட்டருக்கு 840 கிராம் அளவில் எடை பிடிக்கும். 100 லிட்டர் ஏற்றினால் 84 கிலோ. டேங்கின் எடையையும் சேர்த்தால் நூறு கிலோவைத் தாண்டிவிடும். அந்த இடத்தில் நான் இரண்டு பம்பு வைத்துக்கொண்டு போவேன்.

மைத்துனரின் தொழில் வேறு. கிளந்தானில் உள்ள குவா மூசாங்கைத் தாண்டி, மரம் ஏற்றும் லாரிகள் போட்ட மண் பாதைகளில் உள்ளே போய், பூர்வக்குடியினர் கிராமங்களில் தண்ணீர் பம்பும் ஜெனரேட்டரும் பழுது பார்க்கிறார். ஒரு முறை உள்ளே போனால் ஐந்தாறு நாள் ஆகும். மழை பெய்தால் நான்கு சக்கரத்தையும் தாழ் கியரில் போட்டு ஊர்ந்துதான் போக வேண்டும். அங்கே லிட்டருக்கு 5 கிலோமீட்டர் கிடைத்தால் பெரிது. ஹைலக்ஸின் டேங்க் 80 லிட்டர். "80 பற்றாது" என்பது அவருடைய மனத்தில் பதிந்துபோன எண்ணம். எவ்வளவு பற்றாது என்று கேட்டபோதுதான் அவரிடம் பதில் இல்லை.

எண்ணெய் நிலைய ரசீதுகளை அவர் ஒரு பழைய பிஸ்கட் டின்னில் போட்டு வைக்கிற பழக்கம் உள்ளவர். டின்னைக் கொண்டுவரச் சொன்னேன். ஓராண்டு ரசீது; பாதி மங்கிப்போயிருந்தது, சிலவற்றை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துத்தான் படிக்க முடிந்தது. காட்டுக்குள் போகுமுன் குவா மூசாங்கில் முழுதாக நிரப்பியது ஒன்று, வெளியே வந்து மறுபடி முழுதாக நிரப்பியது ஒன்று என்று ஜோடி சேர்த்தோம். 14 நடை தேறியது. அவற்றில் ஆகக் கூடுதலாகக் குடித்தது 71 லிட்டர். அது நவம்பர் மழையில் ஆறு நாள் சுற்றியது. மற்றவை எல்லாம் 50-லிருந்து 65-க்குள் அடங்கின.

ஆக, இதுவரை அவர் வழியில் நின்றதில்லை. ஆனால் 71 லிட்டர் குடித்த அந்த நடையில் மிச்சம் இருந்தது 9 லிட்டர். தாழ் கியரில் 45 கிலோமீட்டர். ஒரு மரப்பாலம் அடித்துப் போய், வந்த வழியே திரும்பி வேறு பாதை பிடிக்க நேர்ந்தால் 80 கிலோமீட்டர் கூடிவிடும் என்றார். அதற்கு 16 லிட்டர். வண்டி சேற்றில் புதைந்து ஒரு பகல் முழுக்க இஞ்சினை ஓடவிட்டு வின்ச் போட்டு இழுத்தால் இன்னும் சில லிட்டர். எப்படிக் கூட்டினாலும் 40 லிட்டருக்கு மேல் கையிருப்பு தேவைப்படவில்லை. அவர் வாங்க இருந்ததோ 150 லிட்டர். மீதி 110 லிட்டரை, அதாவது 90 கிலோவுக்கு மேற்பட்ட எடையை, அவர் காரணமே இல்லாமல் மலையேற்றியிருப்பார். எடை கூடினால் சேற்றில் புதைவதும் கூடும், எண்ணெய்ச் செலவும் கூடும். எந்த டேங்க் நல்லது என்று பட்டறையைக் கேட்பதற்கு முன் ரசீதைக் கூட்டிப் பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் வற்புறுத்துவது இதனால்தான்.

விலையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். 2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2 ரிங்கிட் 15 சென்னிலிருந்து 3 ரிங்கிட் 35 சென்னுக்கு ஒரே நாளில் ஏறியது. சபா, சரவாக், லாபுவானில் பழைய விலையே நீடித்தது. அதன்பின் இங்கே விலை சந்தையோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. விலை குறைவாக இருக்கும் வாரத்தில் பெரிய டேங்கில் நிரப்பி வைத்துக்கொள்ளலாமே என்று பலர் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டால் நினைப்பு நிற்காது. ஒரு வாரத்துக்கும் அடுத்த வாரத்துக்கும் 10 சென் வித்தியாசம் என்றே வைத்துக்கொள்வோம். 100 லிட்டருக்கு மிச்சம் 10 ரிங்கிட். ஆண்டு முழுக்க மிச்சம் பிடித்தாலும் டேங்க், பம்பு, வடிகட்டி போட்ட செலவு திரும்பி வராது.

அதைவிடப் பெரிய விஷயம் சட்டம். டீசல் நம் நாட்டில் கட்டுப்பாட்டுப் பொருள். 1961-ஆம் ஆண்டு விநியோகக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் குற்றம் செய்கிற தனிநபருக்கு 10 லட்சம் ரிங்கிட் வரை அபராதமோ மூன்றாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்க முடியும். அரசு மானிய விலை டீசலைக் கடத்துகிறவர்கள் பலர் வண்டிக்குள் டேங்கை மாற்றி அமைத்துக் கடத்துகிறார்கள். அதனால் பின்பகுதியில் ஒரு பெரிய டேங்க், அதன்மேல் ஒரு பம்பு, சுருட்டிவைத்த குழாய், கைப்பிடி என்று இருந்தால் அதிகாரியின் கண்ணுக்கு அது கடத்தல் வண்டியாகத்தான் தெரியும். சொந்த இஞ்சினுக்குத் தீனி போடும் டேங்க் வேறு, எக்ஸ்கவேட்டருக்கும் ஜெனரேட்டருக்கும் ஊற்றிக்கொடுக்க எடுத்துப் போகும் டேங்க் வேறு. இரண்டாவது வேலைக்கு உள்நாட்டு வாணிப அமைச்சின் பெர்மிட் இல்லாமல் இறங்கக் கூடாது. மைத்துனரிடம் இதைத்தான் முதலில் தெளிவாகக் கேட்டுக்கொண்டேன். கிராமத்து ஜெனரேட்டருக்கு எண்ணெய் தரும் பொறுப்பு அவருடையது அல்ல, அது வேறு வழியில் வருகிறது என்றார். அப்படியானால் கைப்பிடி, குழாய் எதுவும் வேண்டாம் என்று முடிவானது.

வண்டியின் எண்ணெய் அமைப்பை மாற்றுவதற்குச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதியும் பரிசோதனையும் தேவை. தகட்டை வெட்டுவதற்கு முன்பே வரைபடத்தோடு போய் எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ள வேண்டும். "முதலில் போடுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லும் பட்டறையிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தீ விபத்துக்குப் பிறகுதான் டேங்க் இருப்பதே அவர்களுக்குத் தெரியவந்தது என்றால், இழப்பீட்டை மறுக்க நாமே காரணத்தை எடுத்துக்கொடுத்தவர்கள் ஆவோம்.

இனி வழிகள். எளிதானது 20 லிட்டர் இரும்புக் கேன். இரண்டு கேன் எடுத்தால் மைத்துனருக்கு வேண்டிய 40 லிட்டர் ஆயிற்று. வண்டியில் ஒரு துளை போட வேண்டியதில்லை, ஊருக்கு வந்தால் இறக்கி வைத்துவிடலாம். ஆனால் பெர்மிட் இல்லாமல் கேனில் டீசல் ஊற்றித்தர நிலையத்தார் மறுக்கலாம். பெர்மிட் வாங்கினாலும் நிறைந்த கேன் ஒன்று 20 கிலோவுக்கு மேல் இருக்கும். கொட்டுகிற மழையில் அதைத் தூக்கிச் சாய்த்து ஊற்றும்போது மழைநீரும் சேறும் சேர்ந்தே உள்ளே போகும். கேனை நிரப்பும்போது வண்டியிலிருந்து இறக்கித் தரையில் வைத்து, நிலையத்துக் குழாயின் மூக்கு கேனைத் தொட்டபடி இருக்குமாறு நிரப்ப வேண்டும். பிளாஸ்டிக் விரிப்பின்மேல் வைத்தபடியே நிரப்பினால் நிலைமின்சாரம் தரையிறங்க வழியில்லாமல் கேனிலேயே தங்கும். டீசல் பெட்ரோல் போலச் சட்டென்று பற்றாது என்பது உண்மைதான். அதற்காக இந்தப் பழக்கத்தை விட்டுவிடக் கூடாது. ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை காட்டுக்குப் போகிறவருக்கு முறையான பெர்மிட்டோடு கேன் போதும் என்பதே என் அபிப்பிராயம். ஆண்டுக்கு 14 முறை போகிறவருக்கு ஒத்துவராது.

அடுத்தது, கம்பெனி டேங்கைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் பெரிய டேங்க் மாட்டுவது. ஆஸ்திரேலியாவில் இது சாதாரணம். அங்கே ஏஆர்பி போன்ற கம்பெனிகள் ஹைலக்ஸ், ரேஞ்சர் வண்டிகளுக்கென்றே 120-லிருந்து 150 லிட்டர் வரை அச்சு வார்த்த பிளாஸ்டிக்கிலும் எஃகிலும் டேங்க் செய்கின்றன. அமைப்பு என்று பார்த்தால் இதுவே ஆகச் சுத்தமானது. ஒரே நிரப்பு வாய், எண்ணெய் அளவு காட்டும் ஒரே முள், எடை தரையோடு தாழ்ந்து சக்கரங்களுக்கு நடுவில் நிற்கிறது, பின்பகுதி முழுவதும் சாமானுக்குக் கிடைக்கிறது. முள் மட்டும் கொஞ்ச நாள் ஏமாற்றும். நிறைய தூரம் நிறைந்தே காட்டிவிட்டு அப்புறம் மடமடவென்று இறங்கும். பழகிவிட்டால் அது பெரிய குறை இல்லை.

ஆனாலும் மைத்துனருக்கு நான் இதைச் சொல்லவில்லை. காசு ஒரு காரணம். டேங்க் சற்றுத் தாழ்வாகத் தொங்கும், கல் தட்டும் என்பது இன்னொன்று. முக்கியமான காரணம் வேறு. எல்லா எண்ணெயும் ஒரே டேங்கில் இருந்தால், கெட்ட எண்ணெய் ஒரு முறை ஏறினாலும் மொத்தமும் கெட்டது. ஒரு கல் ஓட்டை போட்டாலும் மொத்தமும் போனது. காட்டுக்குள் போகிறவருக்கு இரண்டு தனித்தனி டேங்க் இருப்பதே பெரிய பாதுகாப்பு. தார்ச்சாலையில் நீண்ட தூரம் ஓடுகிறவர்களுக்கு இந்த மாற்று டேங்கைத் தயங்காமல் சொல்வேன்.

சிலர் மாற்றுச் சக்கரம் தொங்கும் இடத்தில் ஒரு டேங்கை நுழைக்கிறார்கள். எடை பின் அச்சுக்கும் பின்னால் போய்விடுகிறது, சக்கரம் சாமான் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. எனக்கு அதில் நன்மை எதுவும் தெரியவில்லை.

மீதி இருப்பது பின்பகுதியில், ஓட்டுநர் கூண்டுக்குப் பின்னால் டேங்க் வைப்பது. இதில் எண்ணெயைக் கீழே இறக்க இரண்டு முறைகள். விலைச்சீட்டில் இருந்தது தானாக இறங்கும் முறை. மேலே உள்ள டேங்கிலிருந்து ஒரு குழாய் கீழ் டேங்கின் நிரப்பு வாயில் போய்ச் சேரும். கீழே எண்ணெய் குறையக் குறைய மேலிருந்து தன் எடையால் இறங்கும். கீழ் டேங்க் நிறைந்ததும் காற்று வெளியேற வழியில்லாமல் ஓட்டம் தானே நிற்கும். பம்பு, மின்சாரம், சுவிட்ச் எதுவும் இல்லை. கெட்டுப்போக ஒன்றுமில்லை என்று பட்டறைக்காரர்கள் சொல்வது இதைத்தான்.

ஓட்டம் நிற்பது கீழ் டேங்கின் மூடி இறுக்கமாக இருக்கும்வரைதான். மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்துவிட்டால், மேலே இருக்கும் அவ்வளவு எண்ணெயும் மூடி வழியாகக் கசியப் பார்க்கும். எண்ணெய் நிலையத்தில் வால்வை மூட மறந்து மூடியைத் திறந்தாலும் அதே கதி. வண்டியைச் சரிவில் நிறுத்தினால் மட்டம் மாறி, ஓட வேண்டாத நேரத்தில் ஓடும். பின்னாலிருந்து ஒரு லாரி மோதிக் குழாய் அறுந்தால் 150 லிட்டரும் தரைக்கு வந்துவிடும். அதை நிறுத்த எதுவும் இல்லை. எஃகு வால்வு, கவிழ்ந்தால் அடைத்துக்கொள்ளும் அடைப்பான், கீழ் டேங்க் நிறைந்ததும் மூடிக்கொள்ளும் மிதவை எல்லாம் போட்டு ஒழுங்காகச் செய்தால் இந்த முறை பாதுகாப்பாக ஓடும். வெளிநாட்டில் அப்படிச் செய்து விற்கிறார்கள். நாங்கள் பார்த்த விலைச்சீட்டில் ஒரே ஒரு கைவால்வு இருந்தது.

எண்ணெய் சிந்துவதைப் பற்றி நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. விடியற்காலை ஆறு மணிக்குப் பினாங்குப் பாலத்தில் போய்ப் பாருங்கள். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் மோட்டார் சைக்கிளில் போகிறார்கள். மழையில் நனைந்த சாலையில் டீசல் படலம் பரவியிருந்தால் காரும் வழுக்கலாம், ஆனால் பெரும்பாலும் சமாளித்துவிடும். மோட்டார் சைக்கிளின் முன்சக்கரம் அந்தப் படலத்தில் ஏறிய நொடியில் வழுக்கும். பின்னால் வருவது லாரி. நம் வண்டியின் காற்றுப்போக்கியிலிருந்து சொட்டியது இன்னொரு வீட்டுப் பிள்ளையைத் தள்ளிவிட்டது என்றால் அந்தப் பழியை எந்தத் தண்ணீரில் கழுவுவது?

பம்பு முறையிலும் இந்த ஆபத்து உண்டு, வேறு வழியில். மேல் டேங்கிலிருந்து ஒரு சிறிய 12 வோல்ட் பம்பு, நிமிடத்துக்கு ஏறக்குறைய 2 லிட்டர் வீதம், கீழ் டேங்குக்குத் தள்ளும். ஓட்டுநர் சுவிட்சைப் போட்டால் ஓடும், அணைத்தால் நிற்கும். என்னோடு முன்பு வேலை பார்த்த ஒருவர் பாலிங்கைத் தாண்டியதும் சுவிட்சைப் போட்டார். கைப்பேசியில் ஒரு அழைப்பு வந்தது, பேச்சில் சுவிட்சை மறந்துவிட்டார். கிரிக்கில் தேநீர் குடிக்க இறங்கியபோது டீசல் வாடை மூக்கைத் துளைத்தது. திரும்பிப் பார்த்தால், வந்த வழியெல்லாம் ஈரச் சாலையில் வானவில் நிறத்தில் ஒரு கோடு. அன்று யாரும் விழவில்லை. ஆனால் அவர் அந்தக் கோட்டைப் பார்த்தபடி நின்ற நிற்பை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. கடைக்காரரிடம் மரத்தூள் கேட்டு வாங்கி, தூவிக்கொண்டே வளைவுவரை நடந்தார்.

இந்த மறதிக்கு மருந்து இருக்கிறது. விலை கூடிய அமைப்புகளில் ஒரு கருவி கீழ் டேங்கின் முள்ளைப் படித்துத் தானே பம்பை ஓட்டும், தானே நிறுத்தும். அந்த அளவு வேண்டாம் என்றால் நேரக் கணக்கில் அணையும் ரிலே ஒன்று போதும். சுவிட்சை ஒரு முறை தட்டினால் 20 நிமிடம் ஓடி நின்றுவிடும். அதற்குள் இறங்குவது 40 லிட்டர். முள் காலுக்கு வந்த பிறகே தட்டுவது என்று வைத்துக்கொண்டால் 80 லிட்டர் டேங்கில் 60 லிட்டர் இடம் காலியாக இருக்கும். எப்படி மறந்தாலும் வழியாது. பம்புக்கு அதன் அளவுக்கேற்ற ஃபியூஸ், ஓடும்போது டாஷ்போர்டில் எரியும் ஒரு சிவப்பு விளக்கு, சாவியை அணைத்தால் மின்சாரம் அறுபடும் இணைப்பு ஆகிய மூன்றும் கட்டாயம். பம்பு நிற்கும்போது எண்ணெய் தானாக இறங்கிவிடாமல் தடுக்கும் வால்வும் வேண்டும். இல்லையென்றால் அதுவும் தானாக இறங்கும் முறையாகவே ஆகிவிடும். விபத்தில் குழாய் அறுந்தாலும், பம்பு ஓடாத நேரத்தில் மேல் எண்ணெய் மேலேயே நிற்கும் என்பதற்காகத்தான் நான் இந்த முறையின் பக்கம் சாய்ந்தேன்.

டேங்க் எதனால் ஆனது என்பதைப் பலர் கேட்பதே இல்லை. நானும் ஒரு காலத்தில் கேட்கவில்லை. என் பழைய பிக்அப்பில் ஒரு பட்டறையில் 60 லிட்டர் டேங்க் செய்து போட்டேன். துருப்பிடிக்காது என்று சொல்லித் துத்தநாகம் பூசிய தகட்டில் செய்தார்கள். பார்க்கப் பளபளவென்று இருந்தது. எட்டு மாதத்தில் வண்டி மேட்டில் இழுக்கவில்லை. வடிகட்டியைக் கழற்றிக் கிண்ணத்தில் கவிழ்த்தால், குளியலறை சோப்பு ஊறிக் கரைந்தது போல வெளுத்த பசை. அதன் அடியில் கறுப்பாக, விரலில் நூல் பிடிக்கும் ஒரு வழவழப்பு. பசை, துத்தநாகம் டீசலில் உள்ள அமிலத்தோடு சேர்ந்து உண்டானது. கறுப்பு, டீசலும் தண்ணீரும் சந்திக்கும் இடத்தில் வளரும் நுண்ணுயிர். இன்றைய டீசல் இஞ்சின்களில் எண்ணெயைப் பீய்ச்சும் 'காமன் ரெயில்' (common rail) இஞ்செக்டர்களில் அழுத்தம் 2,000 பாரை எட்டும். அவற்றின் உள் இடைவெளி சில மைக்ரான்தான். நான்கு இஞ்செக்டரையும் மாற்றினேன். டேங்கில் மிச்சம் பிடித்ததைப் போலப் பல மடங்கு போனது.

ஆகவே துத்தநாகப் பூச்சு வேண்டாம், செம்புக் குழாய் வேண்டாம், பித்தளை இணைப்பும் வேண்டாம். செம்பு டீசலைச் சீக்கிரம் கெடுக்கும். அலுமினியம், துருவேறா எஃகு, டீசலுக்கென்றே வார்த்த பிளாஸ்டிக் ஆகியவை நல்லவை. நம் நாட்டு டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து எடுத்த எரிபொருள் கலந்திருக்கிறது; பி10 என்றால் நூற்றுக்குப் பத்துப் பங்கு. அது சாதாரண ரப்பர் குழாயை ஊறவைத்து மென்மையாக்கும். உயிரி டீசலுக்குத் தாங்கும் குழாய் என்று கேட்டு, அதன்மேல் அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள். அந்தக் கலவை தண்ணீரையும் சாதா டீசலைவிட அதிகம் உறிஞ்சும். பகலில் சூடேறி இரவில் குளிரும் பாதி காலியான டேங்க், நம் ஊர்க் காற்றின் ஈரத்தை ஒவ்வொரு இரவும் உள்ளே இழுத்துக்கொள்ளும். கையிருப்பாகப் பல வாரம் நிற்கப்போகும் எண்ணெய்க்குப் பி7 கிடைத்தால் அதையே ஊற்றுவது மேல். அதைவிட மேல், நிற்கவிடாமல் மாதத்துக்கு ஒரு முறையாவது செலவழித்துப் புதிதாக நிரப்புவது.

உள்ளே தடுப்புத் தகடு இல்லாத டேங்கை வாங்காதீர்கள். பாதி நிறைந்த டேங்கில் எண்ணெய் ஒரு பக்கமாக மோதும்போது மலை வளைவில் வண்டியின் பின்புறம் தள்ளுவதை முதுகில் உணரலாம். விளிம்புவரை நிரப்பவும் கூடாது. 20 பாகை வெப்பம் கூடினால் 100 லிட்டர் டீசல் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் விரியும். டேங்கை நான்கு போல்ட்டில் வெறும் தகட்டோடு முறுக்கிவிட்டுப் போய்விடுவார்கள். போல்ட் சேஸியைப் பிடிக்க வேண்டும். டேங்குக்கும் சேஸிக்கும் இடையே ஒரு பூமிக் (எர்த்) கம்பியும் வேண்டும்.

இத்தனையும் பேசி முடித்தபோது மைத்துனர் கேட்ட ஒரே கேள்வி, "அப்போது 150 லிட்டர் வேண்டவே வேண்டாமா மாமா?" என்பது. பிஸ்கட் டின்னைக் காட்டினேன். சிரித்துக்கொண்டு விலைச்சீட்டை மடித்து டின்னுக்குள்ளேயே போட்டார்.

அவர் தேர்ந்தெடுத்தது 45 லிட்டர் அலுமினிய டேங்க்; 42 லிட்டருக்கு மேல் நிரப்புவதில்லை. கூண்டுக்குப் பின்னால், பின் அச்சுக்கு முன்னால் நிற்கிறது. உள்ளே இரண்டு தடுப்பு, அடியில் சாய்வான பள்ளம், பள்ளத்தில் ஒரு வடிகால் திருகு. பம்புக்கு முன்னால் தண்ணீர் பிரிக்கும் கண்ணாடிக் கிண்ணத்தோடு ஒரு வடிகட்டி. 20 நிமிட ரிலே. டேங்கைச் செய்தவர் நிபோங் தெபால் பக்கத்துத் தவுக்கே, அதாவது பட்டறை முதலாளி, ஒருவர். வரைபடத்தை வாங்கி வைத்துக்கொண்டு, இலாகாவின் கடிதம் வந்த பிறகுதான் தகட்டில் கை வைத்தார். வெல்டிங் முடித்ததும் காற்றை ஏற்றி, சோப்பு நுரை தடவி, ஒவ்வொரு வெல்டிங் இணைப்பையும் எங்கள் கண் முன்னால் சோதித்துக் காட்டினார். ஓர் ஓரத்தில் கடுகு அளவு ஒரு குமிழி வந்தது. ஒன்றும் பேசாமல் அந்த இணைப்பு முழுவதையும் அரைத்து எடுத்துவிட்டு மறுபடி வெல்டிங் செய்தார். அனுமதிக் கடிதத்தின் நகல் ஒன்று இப்போது ஹைலக்ஸின் கையுறைப் பெட்டியில் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது.

ஒவ்வொரு நடைக்கும் முந்திய இரவு மைத்துனர் வடிகால் திருகைத் தளர்த்தி ஒரு ஊறுகாய்ப் புட்டியில் கொஞ்சம் பிடித்து, சன்னல் ஓரத்தில் வைத்துவிட்டுப் படுக்கிறார். காலையில் டீசல் தேன் நிறத்தில் தெளிந்து நிற்கும். போன வாரம் புட்டியின் அடியில் அரை விரல் உயரத்துக்குத் தண்ணீர் கோடு பிரிந்து தெரிந்தது. வடிகட்டியை மாற்றி, மூடியின் வளையத்தையும் மாற்றிவிட்டு, ஒரு நாள் தாமதமாகத்தான் குவா மூசாங்குக்குக் கிளம்பினார்.